பொருள்: பிளேட்லெட்டுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

பட்டர்வொர்த் ஆசிரியை, திங்கள் இரவு

மலேசியத் தமிழ்ச் சொல்லாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ரத்ததான முகாம் நடத்துகிறது. வருகிறவர்கள் கையில் கொடுக்க நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றும் தயாராகிறது. ரத்தம் பற்றிச் சனங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும். மூலம் மலாயில் இருக்கிறது, தமிழாக்கம் என் பொறுப்பு. வெள்ளி மாலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

பெரும்பாலும் முடித்துவிட்டேன். வளர்ந்தவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர், சிவப்பு நிறம் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பால், சிவப்பணு 120 நாள் உயிர் வாழும் என்பதெல்லாம் தடையில்லாமல் வந்தது. சிவப்பணு, வெள்ளையணு என்ற சொற்களை என் வகுப்புப் பிள்ளைகளே சொல்கிறார்கள். மூன்றாவதில் நின்றுவிட்டேன். காயத்தில் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்.

இதை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றால், போன வருஷம் அக்கா மகனுக்கு டிங்கி. ஐந்து நாள் வார்டில் இருந்தோம். காலையும் மாலையும் ரத்தம் எடுப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் பேரனுக்குத் துணையாக ஒரு பாட்டி. மிசி (தாதி) வந்து மலாயில் "பிளேட்லெட் 48" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாப்பத்தெட்டுன்னா நல்லதா டீச்சர்? எது நாப்பத்தெட்டு?" என்று கேட்டார். அந்த 'எது'வுக்கு என்னிடம் சொல் இல்லை. "ரத்தத்துல இருக்கிற ஒண்ணு பாட்டி" என்றேன். இருபது வருஷமாகத் தமிழில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

பழைய அகராதியில் ஒன்று, இணையத்தில் ஒன்று, தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒன்று என்று கிடைக்கிறது. அந்தப் பாட்டிக்குப் புரிகிற ஒரு சொல் வேண்டும்.


செந்தூல், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செவ்வாய் காலை

அம்மா, பிளேட்லெட்டுக்கு வருமுன் அடிச்சொல்லைச் சரிசெய்துகொள்வோம். துண்டறிக்கையின் தலைப்பிலேயே 'ரத்தம்' என்று போடப் போகிறீர்களா? ரகரம் தமிழில் மொழிமுதல் வராது. எழுதியே ஆகவேண்டும் என்றால் நன்னூலார் ரகரத்துக்கு முன் அ, இ, உ என்ற மூன்று குறிலைத் தந்திருக்கிறார். 'இரத்தம்' என்றாவது எழுதுங்கள்.

ஆனால் நமக்கு 'குருதி' இருக்கும்போது ஏன் இரவல்? "குருவும் கெழுவும் நிறனா கும்மே" என்பது தொல்காப்பிய உரியியல். குரு என்றால் நிறம். நிறம் உடையது குருதி. உடம்புக்குள் ஓடும் பொருள்களில் நிறத்தாலேயே பெயர் பெற்றது இது. குறுந்தொகையின் முதற்பாட்டே முருகன் குன்றத்தைக் "குருதிப் பூவின் குலைக்காந்தட்டே" என்று முடிக்கிறது. காந்தளின் செம்மையைச் சொல்ல அந்தப் புலவருக்குக் குருதியைவிடப் பொருத்தமான சொல் கிடைக்கவில்லை. தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுக்கிற பினாங்குக்காரர்கள் இந்தப் பாட்டை மறக்கலாமா?

உதிரம், இரத்தம் இரண்டும் வடக்கிலிருந்து வந்தவை. என் பரிந்துரை: குருதிக் குறுந்தட்டு. தட்டு உருவத்தைச் சொல்லும், 'குறு' சிறுமையைச் சொல்லும்.


ஆயர் ஈத்தாம், மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் மதியம்

ஐயா, மன்னிக்க வேண்டும். குறுந்தட்டு என்றால் எங்கள் வயதுக்காரர்களுக்கு பாட்டு சிடி. ஒரு காலத்தில் கடைகளிலேயே அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள். 'குருதிக் குறுந்தட்டு' என்றால் ஏதோ படத்தின் பெயர் என்று நினைப்பார்கள்.

என் கருத்து நேரடியானது. பிளேட்லெட் என்றே எழுதுங்கள். மருத்துவர் சொல்லும் சொல் அது, ரிப்போர்ட்டில் இருக்கும் சொல் அது, மலாய்க்காரரும் அதையே சற்று எழுத்து மாற்றிச் சொல்கிறார்கள். நாம் வேறு சொல்லை அச்சடித்துக் கொடுத்தால், பாட்டி துண்டறிக்கையில் ஒன்றைப் படிப்பார், கட்டிலில் வேறொன்றைக் கேட்பார். இரண்டும் ஒன்று என்று யார் சொல்வார்கள்? "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ" என்று வழிகாட்டியவரும் தொல்காப்பியர்தானே. அயல் ஒலியைக் களைந்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பொருள் என்று எனக்குப் படுகிறது. ஆங்கிலத்துக்கு மட்டும் ஏன் கதவை மூட வேண்டும்?


செராஸ், ரத்த ஆய்வுக்கூடப் பணியாளர், செவ்வாய் இரவு

இரண்டு ஷிஃப்டு முடித்துவிட்டு எழுதுகிறேன், நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்த்துவிடலாம்.

முதலில், அது ஒரு முழு உயிரணு இல்லை. எலும்பு மஜ்ஜையில் மிகப் பெரிய உயிரணு ஒன்று இருக்கிறது. அதன் உடம்பிலிருந்து நுனி நுனியாகக் கழன்று ரத்தத்தில் விழும் துண்டுகள்தான் பிளேட்லெட். ஒரு பெரிய உயிரணுவிலிருந்து ஆயிரக்கணக்கில் விழும். உட்கரு கிடையாது. குறுக்களவு 2 முதல் 3 மைக்ரோமீட்டர். சிவப்பணு 7, 8 இருக்கும். 7 முதல் 10 நாள் வரைதான் ஆயுள். உடம்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் மண்ணீரலில் தங்கியிருக்கும்.

இரண்டாவது, தட்டு என்ற உருவம் அது சும்மா இருக்கும்போது மட்டும்தான். ரத்தக்குழாய் அறுந்து உள்ளே இருக்கும் நார் வெளியே தெரிந்ததும் அதில் போய் ஒட்டும். ஒட்டியதும் உருண்டு, முள் முள்ளாகக் கை நீட்டும். பக்கத்தில் போகிறதையெல்லாம் கூப்பிட்டுச் சேர்த்து ஓட்டையை அடைக்கும். அதன்மேல் ஃபைப்ரின் என்ற வலை பின்னப்பட்டுக் கட்டி இறுகும். ஆகவே 'தட்டு' என்பது தூங்குகிறவனைப் பார்த்துப் பெயர் வைத்த மாதிரி. இத்தாலிய மருத்துவர் பிசோசேரோ 1882-இல் நுண்ணோக்கியில் பார்த்துத் தம் மொழியில் 'சின்னத் தகடு' என்று பெயர் வைத்தார். அதுதான் எல்லா மொழிக்கும் போனது. சீனத்தில்கூட மூன்றே எழுத்தில் 'ரத்தச் சிறு பலகை'. என் சீனத் தோழி அதைச் சொல்லும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும், அவர்கள் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

டீச்சர், உங்கள் 48 என்பது ஒரு மைக்ரோலிட்டரில் 48,000. சாதாரணமாக 150,000 முதல் 400,000 வரை இருக்கும்.


பிரிக்ஃபீல்ட்ஸ், புதன் காலை

எங்கள் தாத்தா ரயில்வே வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். எங்கள் வீட்டில் இலங்கைப் பாடநூல்கள் உண்டு. அங்கே இது தீர்ந்துபோன விஷயம்: குருதிச் சிறுதட்டு. சிவப்பணுவைச் செங்குருதிக் கலம் என்பார்கள். செந்தூல் ஐயாவின் குருதியும் வந்துவிட்டது, சிடியும் இல்லை.

மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்று நாம் இன்று கேட்கிறோம். கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், பாடநூல்களைத் தமிழாக்கினார், அவரிடம் படித்தவர்கள் தமிழிலேயே வைத்தியர் ஆனார்கள். அவர் 1873-இல் ஊர் திரும்பிவிட்டார். செராஸ் தங்கச்சி சொன்ன 1882-க்கு ஒன்பது வருஷம் முன்பே. இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் இந்தச் சொல்லும் அவர் கையாலேயே கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

'அணு' வேண்டாம். அணு என்றால் அணுகுண்டு, அணு உலை. இலங்கையில் 'கலம்' என்று எடுத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.


புக்கிட் மெர்தாஜாம், முன்னாள் தோட்டத்துக்காரர், புதன் மாலை

டீச்சர், நான் படித்தது ஆறாம் வகுப்பு. இந்தக் குழுவில் படிப்பேன், எழுதமாட்டேன். ஆனால் செராஸ் தங்கச்சி எழுதியதைப் படித்ததும் என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

நாங்கள் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர்கள். விடியுமுன் மரத்தில் கோடு போட்டால் பால் ஓடி மங்கு என்ற கோப்பையில் சொட்டும். வெயில் ஏற ஏறச் சொட்டு குறைந்து நின்றுவிடும். ஏன் நிற்கிறது? வெட்டின கோட்டிலேயே பால் உறைந்து வாயை அடைத்துக்கொள்ளும். மறுநாள் அந்தக் காய்ந்த நாடாவை உரித்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். அதுதான் ஒட்டுப்பால். மங்கில் உறைந்து கிடப்பது கட்டிப்பால். கையை அறுத்துக்கொண்டால் அம்மா துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பொறு, ஒட்டுப்பால் கட்டட்டும்" என்பார். எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு ரத்தம் ஏன் நிற்கிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் தட்டு, பலகை எல்லாம் வேண்டாம் என்பது என் எண்ணம். ஒட்டுவதுதானே அதன் வேலை? ஒட்டணு.


செந்தூல், புதன் இரவு

புக்கிட் மெர்தாஜாம் தம்பி, நீங்கள் இத்தனை நாள் எழுதாமல் இருந்தது எங்களுக்குத்தான் நட்டம். உங்கள் அம்மாவின் வாக்கியம் எந்த அகராதியிலும் இல்லாதது. வேலையால் பெயர் வைக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் குறுந்தட்டைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் அது அணு அன்று, துண்டு என்று செராஸ் மகள் சொல்லிவிட்டார். துண்டு என்றால் தோளில் போடுவது. தமிழில் உடைந்து கழன்ற சிறு பகுதிக்கு நல்ல சொல் 'சில்'. ஓட்டுச் சில், தேங்காய்ச் சில்லு. சில்லறை, மரத்தில் பெயரும் சிலாம்பு எல்லாம் இந்த வேர்தான். ஊரில் மூக்கில் அடிபட்டு ரத்தம் கொட்டினால் "சில்லுமூக்கு உடைந்துவிட்டது" என்போமே. சில்லும் குருதியும் சேர்ந்த வழக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, பாருங்கள்!

என் புதிய பரிந்துரை: உறைச்சில்.

இலக்கணம் கேட்பீர்கள். 'உறைகின்ற சில்' என்று வினைத்தொகையாகக் கொண்டால் வல்லினம் மிகாது. 'உறைசில்' என்றுதான் வரும், சுடுசோறு, ஊறுகாய் போல. நான் அப்படிக் கொள்ளவில்லை. பாலைத் தயிராக்க உறை ஊற்றுகிறோமே, அந்த 'உறை' பெயர்ச்சொல். உறையாகிய சில் உறைச்சில். ஒற்று மிகும். பொருளும் நுட்பமாக அமைகிறது. இந்தச் சில் தானே முழுக்கட்டியாக ஆவதில்லை, கட்டியைத் தொடங்கி வைக்கிறது. ஒரு கரண்டி உறைமோர் ஒரு குடம் பாலைக் கட்டுவது போல. கிரேக்கச் சொற்களைக் கொண்டு இதற்கு வைத்த மருத்துவப் பெயரிலும் 'உறைந்த கட்டி' என்ற பொருள்தான் முன் நிற்கிறது.

பிளேட்லெட்டில் சிறுமையைக் காட்டும் 'லெட்' என்ற பின்னொட்டைப் பற்றியும் ஒரு சொல். தொல்காப்பிய மரபியலின் தொடக்கத்தில் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயர் ஒன்பது வரிசையாக வருகிறது. அணிலுக்கு ஒன்று, யானைக்கு ஒன்று என்று பிரித்துச் சொன்ன மொழி இது. உயிரில்லாத சிறு பொருளுக்கு அப்படி ஒரு வரிசை ஏன் அமையவில்லை என்று நெடுநாளாக யோசிக்கிறேன். சில், துணுக்கு, நுணுக்கு, பொடி, துகள், திவலை என்று தேடிப்பார்த்தால் அதுவும் இருக்கும் போலிருக்கிறது. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.


ஆயர் ஈத்தாம், வியாழன் காலை

ஐயா, உறைச்சில் அழகான சொல். உண்மையிலேயே சொல்கிறேன், இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் நாளை அச்சு. அழகை அடுத்த பதிப்புக்கு வைத்துக்கொள்ளலாமா?


பட்டர்வொர்த் ஆசிரியை, வியாழன் மாலை

இன்று ஆறாம் ஆண்டு வகுப்பில் நான்கு சொல்லையும் பலகையில் எழுதினேன். பொருள் சொல்லவில்லை, ரத்தத்தில் இருக்கும் ஒன்று, என்னவாக இருக்கும் என்று மட்டும் கேட்டேன்.

உறைச்சில்: ரத்தம் சில்லென்று குளிர்ந்துவிடும் என்றார்கள். ஒரு பிள்ளை ஐஸ் பெட்டி வரைந்துவிட்டது. பொருளைச் சொன்னதும் மிகவும் பிடித்துப்போனது, சில்லுமூக்கை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் சொல்ல வேண்டியிருந்தது.

குருதிச் சிறுதட்டு: 'குருதி' புரிந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் பேச்சுப் போட்டிக்குப் போகிறவர்கள்.

ஒட்டணு: ஒட்டுண்ணி என்று நினைத்துக்கொண்டார்கள். கிருமி, உடம்புக்குக் கெடுதல் என்றார்கள். அண்ணே, எனக்கு உங்கள் அம்மாவின் சொல்தான் மனசுக்கு நெருக்கம், ஆனால் இந்தப் பயம் வரக்கூடாது. எண்ணிக்கை குறைந்தால் நல்லது என்று யாராவது நினைத்துவிட்டால்?

தட்டணு (இது தமிழ்நாட்டு வழக்கில் எடுத்தது): "சிவப்பணு, வெள்ளையணு மாதிரி இன்னொரு அணு டீச்சர்" என்று உடனே சொன்னார்கள். இடம் தெரிந்துகொண்டார்கள். மற்ற எதற்கும் இது நடக்கவில்லை.

மாலையில் வாசலில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்களிடமும் கேட்டேன். வெறும் 'தட்டு' என்றபோது ஒருவர், "ரத்தத்துல என்ன டீச்சர் தட்டு?" என்று திகைத்தார். 'தட்டணு' என்றபோது திகைக்கவில்லை.


செராஸ், வியாழன் இரவு

அணு இல்லை என்று சொன்னவள் நான்தான். வகுப்பில் நடந்ததைப் படித்துவிட்டு யோசித்தேன். முதிர்ந்த சிவப்பணுவுக்கும் உட்கரு கிடையாது. அதைச் சிவப்பணு என்று சொல்ல நாம் கூசவில்லை. குறளைப் பாராட்டி "அணுவைத் துளைத்து" என்று ஔவையார் சொன்னபோது அவர் நினைத்தது மிக நுண்ணிய ஒன்றை. அந்தப் பொருளில் இதுவும் அணுதான். எனக்கு முழு மனநிறைவு இல்லை. ஆனால் தட்டு + அணு சேரும்போது குற்றியலுகரம் போய் ஒரே சொல்லாக உட்கார்ந்துகொள்கிறது, போனில் சொன்னாலும் கேட்கும். நான் சம்மதிக்கிறேன்.

சொல்லைவிட எனக்கு முக்கியமானது ஒன்று உண்டு டீச்சர், அதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். டிங்கியில் எல்லாரும் இந்த ஒரு எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பப்பாளி இலைச் சாற்றைக் கொடுத்துவிட்டு எண் ஏறியதா என்று கேட்கிறார்கள். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கவனம் தேவைப்படும் நேரம். அப்போது ரத்தக்குழாயிலிருந்து நீர்ப்பகுதி கசியும், ரத்தம் கெட்டிப்படும். மருத்துவர்கள் அந்தக் கெட்டியையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்விடக் கூடாது. கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி என்றால் உடனே வர வேண்டும். வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது, அது இந்தத் தட்டணுவின் ஒட்டும் வேலையையே கெடுக்கும்.

முகாமுக்கு ஆள் சேர்க்க இன்னொன்றும் சொல்லலாம். தானமாக வந்த சிவப்பணுவைக் குளிரில் ஒரு மாதத்துக்கு மேல் வைக்கலாம். தட்டணுவை 20 முதல் 24 டிகிரியில், ஓயாமல் ஆட்டிக்கொண்டே, வழக்கமாக 5 நாள்தான் வைக்க முடியும். ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய ரத்த மையம் ஆகட்டும், வேறு எந்த ரத்த வங்கி ஆகட்டும், போன மாதம் வந்த தட்டணு இந்த மாதம் இருக்காது.


பட்டர்வொர்த் ஆசிரியை, வெள்ளி மதியம்

அச்சகத்துக்குப் போகும் பத்தி இதுதான். இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

"ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணுவோடு தட்டணுவும் இருக்கிறது. மருத்துவமனையில் இதைப் பிளேட்லெட் என்று சொல்வார்கள், இரண்டும் ஒன்றே. காயம் பட்ட இடத்தில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ரத்தம் வெளியேறும் வாயை அடைக்கின்றன. ஒரு கரண்டி உறைமோர் பாலைக் கட்டியாக்கத் தொடங்குவது போல, இவை ரத்தம் உறைவதைத் தொடங்கி வைக்கின்றன. ரிப்போர்ட்டில் 48 என்று இருந்தால் அது 48,000. வழக்கமாக 150,000-க்கு மேல் இருக்கும். டிங்கிக் காய்ச்சலில் இந்த எண் இறங்கும். எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். காய்ச்சல் விடும்போது நோயாளியைப் பாருங்கள்."

தலைப்பில் 'இரத்தம்' என்று இகரம் சேர்த்துவிட்டேன், செந்தூல் ஐயாவுக்காக. உள்ளே ரத்தம்தான். உறைமோர் அவருடையது. "வாயை அடைக்கின்றன" என்பது புக்கிட் மெர்தாஜாம் அண்ணனுடையது. ஆயர் ஈத்தாம் தம்பி கேட்ட பிளேட்லெட்டும் இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் ஐயா, உங்களுடையதை எதிலும் சேர்க்க முடியவில்லை, மன்னியுங்கள்.


பிரிக்ஃபீல்ட்ஸ், வெள்ளி மதியம்

மன்னிக்க ஒன்றுமில்லை மகளே. ஆனால் அடுத்த பத்தியில் 'பிளாஸ்மா' என்று அப்படியே விட்டிருக்கிறீர்கள். குருதிநீர் என்று ஒரு சொல் இருக்கிறதே?


ஆயர் ஈத்தாம், வெள்ளி மதியம்

வேறு தலைப்பில், ஐயா, திங்கட்கிழமை.


செந்தூல், வெள்ளி இரவு

பெரும்பான்மை தட்டணு என்கிறது. துண்டறிக்கைக்கு அது சரி, நானும் நாலு பேரிடம் கொடுப்பேன். ஆனால் குழுவின் சொற்பட்டியலில் ஏற்றும்போது என் மாற்றுக் கருத்தையும் சேர்த்துப் பதியுங்கள். தட்டு என்பது இத்தாலியர் நுண்ணோக்கியில் கண்டது. ஒட்டுப்பாலும் உறைமோரும் நம் வீட்டில் கண்டவை. பிள்ளைகளுக்கு உறைச்சில் பொருள் சொன்னபின் பிடித்தது என்று ஆசிரியையே எழுதியிருக்கிறார். சிவப்பணுவையும் ஒருநாள் யாரோ பொருள் சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள்.


புக்கிட் மெர்தாஜாம், சனி காலை

வாத்தியார் ஐயா, என் பேத்திக்கு நேற்றிரவு சில்லுமூக்கு உடைந்தது. அழுத்திப் பிடித்துக்கொண்டு உறைச்சில், உறைச்சில் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷத்தில் நின்றது. அது யார் தாத்தா என்று கேட்டாள். எல்லாம் சொன்னேன், பால்மரத்திலிருந்து ஆரம்பித்து.